கல்தூண் பந்தலும் எலிப்பொறிச் சுவரும்

தேனியைத் தாண்டி வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்களைக் கோத்துக்கொண்டு, லோயர் கேம்பில் மலையேறி, குமுளி, பீர்மேடு வழியாகக் கொல்லம் வரை போகிறது தேசிய நெடுஞ்சாலை 183. இந்தப் பகுதி மக்களுக்கு அது ஏலத்தோட்ட வேலைக்கும் சபரிமலைக்கும் காய்கறி லாரிக்குமான பாதை. கட்டடம் கட்டுவதைப் பற்றி யோசிக்கிறவர்களுக்கு அதே சாலையில் வேறொரு பாடம் இருக்கிறது. பீர்மேட்டுப் பக்கம் பிரிந்து ஏலப்பாறை வழியே போனால் வாகமண் வரும். 1963 தொடங்கி அந்தப் பத்தாண்டின் கடைசி வரை கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் குடியிருந்த மலையூர் அது. இந்தியாவில் இன்று இளம் கட்டடக் கலைஞர்கள் பலர் நடத்துகிற சின்ன ஸ்டுடியோ என்ற வேலைமுறைக்கு முன்னோடியாக ஒருவரைச் சொல்லவேண்டுமானால் அவரைத்தான் சொல்லவேண்டும். மலைக்கு இந்தப் பக்கம், சுண்ணாம்பும் சுர்க்கியும் கருங்கல்லும் கொண்டு எழுப்பிய ஓர் அணையின் தண்ணீரில் விளைகிற பள்ளத்தாக்கு. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கும்போது ஒரு கேள்வி எழாமல் போகாது. இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு அனுபவம் இருந்தும், கம்பம் பள்ளத்தாக்கில் இன்று எழும்புகிற வீடுகள் ஏன் இப்படி இருக்கின்றன? மண்ணை விட்டோம், சுண்ணாம்பை விட்டோம், ஓட்டை விட்டோம் என்று பொருள்களில் விடை தேடுவது வழக்கம். வேலை நடக்கிற இடத்தில் யார் நின்று முடிவெடுக்கிறார் என்பதில்தான் விடை இருக்கிறது என்பது என் வாதம்.

பள்ளத்தாக்கை முதலில் பார்த்துவிடலாம். தெற்கு நோக்கிப் போகும்போது இடப்பக்கம் மேகமலையும் வருசநாட்டு மலைகளும், வலப்பக்கம் கேரளத்து ஏலமலைகள். லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல் பெரியாற்றுத் தண்ணீரை நம்பியிருக்கிறது. அதற்கு மேட்டில் தென்னை, வாழை, திராட்சை. தென்மேற்குப் பருவமழை வாகமண்ணையும் பீர்மேட்டையும் நனைத்து ஊறவைத்துவிட்டு, மலையைத் தாண்டும்போது ஈரத்தை அங்கேயே இறக்கிவிடுகிறது. இந்தப் பக்கம் வந்து சேர்வது சாரலும் காற்றும்தான். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று எவ்வளவு வேகமாக வீசும் என்பதற்கு ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும் காற்றாலைகளே சாட்சி. காற்று நின்ற மாதங்களில் வெயில். ஆக, ஆண்டில் சில மாதம் புழுதியோடு வரும் பலத்த காற்றும், பல மாதம் கூரை வழியாக இறங்கும் சூடும்தான் இங்கே ஒரு வீடு சமாளிக்கவேண்டியவை. மழை இரண்டாவது கவலை.

இப்போது சாலையோரத்து வீடுகளைக் கவனியுங்கள். முன்பக்கத்துக்கு ‘எலிவேஷன்’ என்று தனிச் செலவு: ஓடு பதித்த முகப்பு, வளைந்த சன்ஷேடு, எவர்சில்வர் கைப்பிடி. பக்கச் சுவர்கள் பூசாத ஹாலோ பிளாக். மேலே ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம், பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவெல்லாம் அறைக்குள் இறக்குவது. அந்தத் தளத்துக்கும் மேலே, குழாய்க் கால்கள் நட்டு ஒரு தகரக் கொட்டகை. கம்பத்திலும் சின்னமனூரிலும் மாடி வீடுகளில் இந்தக் கொட்டகை சர்வசாதாரணம். துணி காயப்போட, விருந்தாளி தங்க, நெல் உலர்த்த என்று அதற்குப் பல பயன் சொல்லலாம். அதை முதலில் போடவைப்பது கீழ் அறையின் புழுக்கம். ஒரு குடும்பம் தன் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி ஒரு கூரை போடுகிறது. அந்தக் கூரையின் வெயிலிலிருந்து தப்பிக்கக் கொஞ்சநாள் கழித்து இன்னொரு கூரைக்குக் கடன் வாங்குகிறது. இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவைப்படவில்லை. முதல் கூரை வடிவமைக்கப்படவே இல்லை, போடப்பட்டது என்பதை அந்தத் தகரம் சொல்கிறது.

எப்படிப் போடப்பட்டது? மனை வாங்கியதும் ஒரு வரைபடம் வருகிறது. வேறெங்கோ வேறொருவருக்கு வரைந்ததைத் திருப்பியும் நீட்டியும் எடுத்தது அது. வாஸ்து பார்த்து வாசலும் சமையலறையும் இடம் மாறுகின்றன. மேஸ்திரி சதுர அடிக்கு ஒரு விலை பேசுகிறார். கம்பி எத்தனை, சிமென்ட் எத்தனை மூட்டை என்பதில் பேச்சு முடிந்துவிடுகிறது. மேற்கிலிருந்து வரும் காற்றை எந்தச் சன்னல் வாங்கவேண்டும், எந்தச் சுவருக்கு நிழல் வேண்டும், மொட்டைமாடிச் சூட்டை எப்படி உடைப்பது என்று கேட்பதற்கு இந்த ஏற்பாட்டில் ஆளே கிடையாது. மேஸ்திரியைக் குறைசொல்ல முடியாது. அவருக்குப் பேசியிருக்கும் கூலி கேள்வி கேட்பதற்கானதன்று. வீட்டுக்காரரையும் குறைசொல்ல முடியாது. அவர் வாழ்க்கையில் ஒரு வீடுதான் கட்டுவார், பழகிக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு இல்லை. 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு இணையவழியில் உடனே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் வரைபடத்தை மூன்றாவது ஒருவர் உட்கார்ந்து பார்க்கிற கடைசிச் சந்தர்ப்பமும் அதோடு மெலிந்துபோனது.

பேக்கர் இந்த இடத்தில்தான் முக்கியமாகிறார். 1917ல் பர்மிங்காமில் பிறந்து, அங்கேயே கட்டடக் கலை படித்து, குவேக்கர் நம்பிக்கையின்படி போரில் ஆயுதம் எடுக்க மறுத்து, சீனாவில் மருத்துவத் தொண்டுக்குப் போனவர். திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். ஒரு வீட்டுக்கான பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருக்கவேண்டும் என்ற காந்தியின் கருத்தைத் தன் வாழ்நாள் முழுக்கச் சுமந்தார். 1945ல் தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைகள் கட்ட இந்தியா வந்தார். கேரளத்து மருத்துவர் எலிசபெத் ஜேக்கப்பை 1948ல் மணந்தார். இருவரும் இமயமலையின் பித்தோராகரில் 16 ஆண்டுகள் மருத்துவமனை நடத்தினார்கள். அங்கேதான் தன் படிப்பு எதற்கும் உதவவில்லை என்பதைப் புரிந்துகொண்டு, மலைக் கிராமத்துக் கொத்தர்களிடம் மறுபடி பாடம் கேட்டார். பிறகு வாகமண், அங்கிருந்து திருவனந்தபுரம். 2007ல் காலமாகும்வரை அவருக்கு முறையான அலுவலகம் என்று ஒன்று இருந்ததில்லை. பழைய கடித உறைகளின் பின்பக்கத்தில் வரைவார். வேலையிடத்திலேயே முடிவுகளை மாற்றுவார். தானே கட்டி முடிப்பார், தான் பழக்கிய கொத்தனார்களோடு. 1971ல் தொடங்கிய திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மைய வளாகம் இப்படித்தான் எழுந்தது. 1985ல் கேரள முன்னாள் முதல்வர் சி. அச்சுத மேனன், பொருளியலாளர் கே. என். ராஜ், டி. ஆர். சந்திரதத் ஆகியோரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பு இன்றும் அந்த வேலைமுறையைத் தொடர்கிறது.

பேக்கர் என்றதும் பூசாத செங்கல் சுவரும், துளைகள் விட்டுக் கட்டும் ஜாலியும் நினைவுக்கு வருகின்றன. அவற்றை அவருடைய தத்துவம் என்று எடுத்துக்கொண்டால் அவரைத் தவறவிடுவோம். அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டை அருகில் போய்ப் பார்க்கவேண்டும். கொத்தனார் வழக்கமாகச் செங்கலைப் படுக்கையாக வைப்பார். இதில் பக்கவாட்டில் நிறுத்தி வைக்கிறார். உள்முகத்தில் ஒன்று, வெளிமுகத்தில் ஒன்று, இரண்டையும் பிடிக்கக் குறுக்கே ஒன்று. நடுவில் ஒரு கூடு விழுகிறது. சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலம். செங்கல் ஏறத்தாழக் கால் பங்கு மிச்சம், சாந்தும் கணிசமாகக் குறையும், கூட்டுக்குள் அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கும், மூலைகளில் அந்தக் கூட்டுக்குள்ளேயே கம்பி இறக்கிக் கான்கிரீட் போட்டு உறுதி செய்யலாம். இவ்வளவுக்கும் ஒரு நிபந்தனை: கரணையில் எடுக்கும் சாந்து கூட்டுக்குள் சிந்தக் கூடாது. வரியின் மேல் ஒரு பலகைத் துண்டைப் பிடித்துக்கொண்டு இருபக்கமும் சாந்து வைக்கவேண்டும். அந்தப் பலகைத் துண்டில்தான் எல்லாம் இருக்கிறது. வரைபடத்தில் அதை எழுதமுடியாது. ஒருவர் பக்கத்தில் நின்று முதல் நான்கு வரிக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும். ஐந்தாவது வரியில் கொத்தனாருக்கு அது கைவந்துவிடும். நிற்க ஆளில்லாவிட்டால் கூடு சாந்தால் அடைபட்டு, மிச்சமும் போய், குளிர்ச்சியும் போய், ‘இது நம்ம ஊருக்குச் சரிப்படாது’ என்ற பேச்சு மட்டும் மிஞ்சும்.

அதே சிந்தனைதான் அவருடைய கூரையிலும். கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைக் கம்பி தாங்குகிறது. அங்கே கம்பிகளுக்கு இடையில் கிடக்கும் கான்கிரீட் பெரும்பாலும் சுமையாகவே கிடக்கிறது. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்து அதன்மேல் கான்கிரீட் போட்டால் எடை குறையும், சிமென்ட் மிச்சமாகும், ஓட்டுக்கு இடையில் நிற்கும் காற்று வெப்பத்தைக் குறைக்கும். இது புரியக் கம்பம் பள்ளத்தாக்குக்காரருக்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை. காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டிப் பக்கம் பன்னீர்த் திராட்சைத் தோட்டத்துக்குள் நுழைந்து மேலே பார்த்தால் போதும். வரிசையாக நட்ட கல்தூண்கள் நேரே அழுத்தும் பாரத்தைத் தாங்குகின்றன. ஓரத்துத் தூண்கள் வெளிப்பக்கம் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. நடுவே இழுவிசை ஓடும் இடத்தில் மெல்லிய கம்பி மட்டும். ஏக்கர் கணக்கில் விரியும் ஒரு கூரை, இவ்வளவு குறைந்த பொருளில். விசை எங்கே ஓடுகிறதோ அங்கே மட்டும் பொருளை வைப்பது என்பதை இந்த விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள், தூண் சாய்ந்தால் தாங்களே நிமிர்த்துகிறார்கள். அதே விவசாயி வீடு கட்டும்போது ஆறு பில்லருக்குப் பதிலாகப் பன்னிரண்டு பில்லர் போடச் சம்மதிக்கிறார். தோட்டத்தில் முடிவெடுப்பவர் அவர். வீட்டில் அவருக்குப் புரியாத மொழியில் வேறொருவர் எடுக்கிறார். அறிவு இங்கே இல்லாமல் இல்லை. அதை வீட்டுக்குள் கொண்டுவரும் ஆள் இல்லை.

கூடலூர் தாண்டி லோயர் கேம்பில், பெரியாற்று அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கின் மணிமண்டபம் நிற்கிறது. தேனிப் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். இந்த நன்றியுணர்வு போற்றத்தக்கது. கட்டட வரலாறாக இந்த அணையைப் படிக்கும்போது இன்னும் சில விஷயங்கள் தெரிகின்றன. பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை 1789லேயே ராமநாதபுரத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளையிடமிருந்து வந்தது. 1808ல் ஆய்வு செய்த காப்டன் கால்டுவெல் அது நடக்காத காரியம் என்றார். பிறகு ரைவ்ஸ் மண் அணை ஒன்றைத் திட்டமிட்டார். 1882ல் பொறுப்பேற்ற பென்னிகுயிக்கும் ஸ்மித்தும் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் வந்தார்கள். 1887ல் தொடங்கிய வேலையில் தற்காலிகத் தடுப்புகள் வெள்ளத்தில் அடித்துப்போயின. காய்ச்சலில் தொழிலாளர்கள் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் அணையைத் திறந்துவைத்தார். இந்தியாவில் சிமென்ட் தயாரிக்கும் முதல் முயற்சியே 1904ல்தான் சென்னையில் நடந்தது. அதற்குமுன் அது கப்பலில் வரவேண்டிய பொருள். ஆகவே முன்னும் பின்னும் கருங்கல் கட்டுமானம், நடுவயிற்றில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்சில்லும் சேர்ந்த கலவை. சுட்ட மண்ணைப் பொடித்த சுர்க்கி சுண்ணாம்போடு சேரும்போது தண்ணீருக்குள்ளும் இறுகும். கீழே பள்ளத்தாக்கிலிருந்து பொருள்களை மலைமேல் ஏற்றக் கம்பிவடப் பாதை போட்டார்கள். வேலையில் இருந்த பொறியாளர் மெக்கென்சி 1899ல் வெளியிட்ட வரலாறு, இவற்றையெல்லாம் வேலைக்காரக் கண்ணோடு பதிவு செய்திருக்கிறது.

இதை ஒரு சின்ன ஸ்டுடியோவோடு ஒப்பிடுவது பொருந்துமா என்று கேட்பார்கள். காலனி அரசின் பணம், ஆயிரக்கணக்கான கூலிகள், சாவுகள். இரண்டும் ஒரே அளவுடையவை என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்திலேயே தங்கியிருந்து, வெள்ளம் கற்றுக்கொடுத்ததைக் கேட்டு முறையை மாற்றிய ஒரு குழு என்ற அளவில் ஒப்பீடு நிற்கிறது. இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கனமானது: சுண்ணாம்பு நல்லதென்றால் 1979க்குப் பிறகு ஏன் அணையைப் பலப்படுத்த நேர்ந்தது? உண்மைதான். மேலே கான்கிரீட் தொப்பி, உடலுக்குள் இறக்கிய எஃகு வடங்கள், பின்புறம் கான்கிரீட் தாங்கல் என்று அப்போது தொடங்கிய பணிகள் பல ஆண்டுகள் நடந்தன. 2014ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்க அனுமதித்தது அந்தப் பலப்படுத்தலையும் கணக்கில் கொண்டுதான். இதனால் சுண்ணாம்பு தோற்றது என்று ஆகாது. ஜெயித்தது என்றும் நான் சொல்லமாட்டேன். எந்தப் பொருளுக்கும் பின்னால் தொடர்ந்து கவனிக்கும் ஆள் வேண்டும் என்பதே அதில் தெரிகிறது. பொருளைப் புனிதமாக்கும் வாதங்கள் எனக்கு உவப்பில்லாததற்கும் அதுவே காரணம். ஐந்து மைல் என்பது பென்னிகுயிக்குக்குக் கட்டாயம், பேக்கருக்கு நெறி, நமக்கு ஒரு நல்ல தொடக்கக் கேள்வி. சட்டமாக்கத் தேவையில்லை.

குமுளியில் ஏறியதும் வெப்பம் மாறுகிறது, மண் மாறுகிறது, கூரையின் சாய்வு கூடுகிறது. பீர்மேட்டில் வால்மேக்கர்ஸ் ஸ்டுடியோ கட்டிய ‘தி லெட்ஜ்’ என்ற வீடு இருக்கிறது. சவுக்குக் கட்டைகளைச் சேர்த்துச் செய்த அதன் கூரை மலைச்சரிவுக்கு வெளியே தாங்கலின்றி நீள்கிறது. அந்த ஸ்டுடியோவை 2007ல் தொடங்கிய வினு டேனியல், சுனாமிக்குப் பிந்திய வீடு கட்டும் பணியில் ஆரோவில் மண் கட்டுமான நிறுவனத்தோடு வேலை செய்தவர். கிடைத்த முதல் வேலை ஒரு சுற்றுச்சுவர். ஸ்டுடியோவின் பெயரே அதிலிருந்து வந்தது. கட்டட இடிபாடு, தூக்கியெறிந்த பொருள், காலடி மண் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மனையிலும் என்ன கிடைக்கிறதோ அதிலிருந்து வடிவத்தைக் கண்டுபிடிப்பது அவர்கள் வழி. பேக்கரின் நேரடிச் சீடர்களில் பென்னி குரியாக்கோஸ் வேறு வழியில் போனார். முட்டுக்காட்டில் 1996ல் திறந்த தட்சிணசித்ராவில், பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தும் பணியில் மரபுக் கைவினைஞர்களைத் தேடிச் சேர்த்தார். ஒருவருடைய கட்டடம் மற்றவருடையதைப் போல இல்லை. பேக்கருடையதைப் போலவும் இல்லை. ஆனாலும் மூவரும் ஒரே குடும்பம் என்று சொல்லத் தோன்றுவது, மூன்று இடத்திலும் வேலைக்காரரும் வடிவமைப்பவரும் ஒரே நிழலில் நின்று பேசியிருக்கிறார்கள் என்பதால்தான்.

இங்கே ஒரு கடுமையான குற்றச்சாட்டை நேராகச் சந்திக்கவேண்டும். சின்ன ஸ்டுடியோக்கள் இன்று யாருக்குக் கட்டுகின்றன? வசதி படைத்தவர்களின் வார இறுதி வீடுகள், மலை ரிசார்ட்டுகள், பத்திரிகைகளில் அழகாக அச்சாகும் வில்லாக்கள். பேக்கர் ஏழையின் வீட்டுக்கு என்று கண்டெடுத்த முறைகள் பணக்காரரின் ரசனையாகிவிட்டன. இதை மறுக்க எனக்குச் சான்று இல்லை, பெருமளவு உண்மை. ஆனால் இது முறையின் குற்றமன்று, கூலி ஏற்பாட்டின் குற்றம். கட்டடக் கலைஞருக்குச் சம்பளம் பொதுவாக மொத்தச் செலவில் ஒரு குறிப்பிட்ட விழுக்காடு. செங்கலில் கால்பங்கு மிச்சம் பிடித்துக் கொடுப்பவர் தன் வருமானத்தையும் சேர்த்தே குறைத்துக்கொள்கிறார்; சின்ன வீட்டுக்கு அதிகநேரம் நிற்கவேண்டும், கிடைப்பதோ சொற்பம். பேக்கர் வடிவமைப்பவரும் கட்டுபவருமாகத் தானே இருந்து இந்த முடிச்சை அவிழ்த்தார். காஸ்ட்ஃபோர்டு லாபநோக்கற்ற அமைப்பாக இருந்து அவிழ்க்கிறது. திருவனந்தபுரத்தில் செங்கல்சூளா குடிசைப் பகுதிக்குப் பேக்கர் கட்டிய வீடுகள், இந்த வேலைமுறை ஏழைகளிடம் போகமுடியும் என்பதற்குச் சான்று. தானாகப் போகாது, யாராவது செலவைச் சுமக்கவேண்டும் என்பதற்கும் அவையே சான்று.

அடுத்த எதிர்ப்பு பள்ளத்தாக்கின் உள்ளேயிருந்து வருவது. இதை நான் மற்ற எதையும்விட மதிக்கிறேன். மண் சுவர், கூரை வீடு என்பவை இங்கே கூலிவேலை செய்த குடும்பங்களுக்கு அழகியல் அல்ல. ஒழுகிய இரவுகளும், தீப்பிடித்த தெருக்களும், ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்த சேரியின் அடையாளமும் அவை. அந்தக் குடும்பம் ‘காரை வீடு’ கட்டிச் சுண்ணாம்பு பூசி வர்ணம் அடிக்கும்போது அதில் அரை நூற்றாண்டு உழைப்பின் கௌரவம் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் படித்தவர்கள் அவர்களிடம் போய் மண்ணின் பெருமை பேசுவது தகாத செயல். பூசாத செங்கல் சுவரை ‘வேலை முடியாத வீடு’ என்று ஒருவர் நினைத்தால், பூசிக்கொள்ளட்டும். எலிப்பொறிச் சுவரின் குளிர்ச்சி பூச்சுக்குப் பின்னாலும் இருக்கும். ஓடு புதைத்த தளமும் கான்கிரீட் தளம்தான், அடியில் பூசினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கௌரவத்தையும் சௌகரியத்தையும் எதிரெதிரே நிறுத்தியது பத்திரிகைப் படங்கள்தான். கட்டுமானத்தில் அப்படி ஒரு மோதல் இல்லை.

பேக்கரின் கட்டடத்தை அப்படியே தூக்கிவந்து கம்பத்தில் வைப்பதையும் நான் ஏற்கமாட்டேன். திருவனந்தபுரத்தில் ஜாலிச் சுவர் கடற்காற்றை வடிகட்டும். இங்கே மேற்குப் பக்கம் ஜாலி வைத்தால் ஆடி மாதத்தில் சமையலறை முழுக்கப் புழுதி. அங்கே மழைக்காக நீளும் தாழ்வாரம் இங்கே மேற்கு வெயிலுக்காக நீளவேண்டும். அங்கே ஒரே அளவில் கிடைக்கும் செங்கல், இங்கே பல காளவாசல்களில் அளவு பிசகி வருகிறது. அளவு பிசகினால் எலிப்பொறிக் கட்டு நிற்காது. இந்தப் பக்கத்துக்கு என்று ஒரு பாடம் வேண்டுமானால் போடிநாயக்கனூர் ஜமீன் அரண்மனையின் கனத்த சுண்ணாம்புச் சுவரிலும், ராமாயணச் சுவரோவியங்கள் உள்ள அதன் லட்சுமி விலாசக் கூடத்திலும், போடி, தேனிப் பழைய வீடுகளின் மெட்ராஸ் தளத்திலும் இருக்கிறது. தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் நிறுத்திப் போட்டு, மேலே ஜல்லி அடித்துத் தட்டோடு பதித்த அந்தத் தளம் மதியத்திலும் சூட்டை உள்ளே விடுவதில்லை. தேக்குக்கும் அந்தக் கைவேலைக்கும் இன்று யாரும் செலவழிக்க முடியாது. அதன் கொள்கையை, அதாவது கனமான மேலடுக்கும் வெளிறிய நிறமும் வெயிலைத் தாமதப்படுத்தும் என்பதை, இன்றைய பொருளில் எழுதுவதற்குத்தான் யோசிக்கும் ஆள் தேவை.

கூலி உயர்ந்துவிட்டது, நுணுக்கமான வேலைக்கு நேரம் அதிகமாகும், பேக்கரின் கணக்கு மலிவான கூலிக் காலத்தது என்பார்கள். இதில் பாதி சரி. எலிப்பொறிக் கட்டு தொடக்கத்தில் மெதுவாகவே போகும். ஆனால் செங்கல், மணல், சிமென்ட் விலையும் அதே காலத்தில் உயர்ந்திருக்கிறது. ஆற்றுமணல் கிடைக்காமல் எம்-சாண்டுக்கு மாறிய பிறகு சாந்து மிச்சமாவது சின்ன விஷயமில்லை. மேலும், பொருளுக்குப் போகும் பணம் ஊரைவிட்டு வெளியேறுகிறது, கூலிக்குப் போகும் பணம் ஊருக்குள் சுற்றுகிறது. ஒரு கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூடுதலாகப் பத்து நாள் வேலை என்பது, மலையேறிக் கேரளத்துத் தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வரும் குடும்பங்கள் நிறைந்த இந்தப் பள்ளத்தாக்கில் வீண்செலவு என்று எப்படிச் சொல்வது?

மிஞ்சுவது ஒரு நடைமுறைக் கேள்வி. ஊருக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ வரப்போவதில்லை. தேனி, கம்பம் அளவுள்ள ஊர்களில் இரண்டு மூன்று வந்தாலே பெரிது. அப்படியானால் வேலையிடத்தில் நிற்கும் ஆளை எங்கே தேடுவது? 2024ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தைப் பாருங்கள். 2030க்குள் 8 லட்சம் வீடுகள், ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், மிச்சம் 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத கூரை. கூரைப் பொருளை அரசே குறித்துவிட்டதால் இதில் யோசிக்க இடமில்லை என்று தோன்றும். நான் நேர்மாறாக நினைக்கிறேன். ஓடு புதைத்த தளமும் கான்கிரீட் தளமே. சுவர்க்கட்டின் முறை வீட்டுக்காரர் விருப்பம். அளவு சிறியதாக இருப்பதால் ஒவ்வொரு மூட்டை மிச்சமும் குடும்பத்துக்கு அப்படியே நிற்கும். இத்தகைய அரசுத் திட்டங்களில் பணம் கட்டம் கட்டமாகத்தான் விடுவிக்கப்படுகிறது. அதற்காக ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓவர்சியர் வேலையிடத்துக்கு வருகிறார், படம் எடுக்கிறார், பதிவேற்றுகிறார், போகிறார்.

ஒரு ஸ்டுடியோ செய்யவேண்டிய வருகையை அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார். சம்பளம் அரசு கொடுக்கிறது. செலவின் விழுக்காட்டில் அவருக்குக் கூலி இல்லை, ஆகவே மிச்சம் பிடித்தால் அவருக்கு நஷ்டமும் இல்லை. அஸ்திவாரத்தில் வரும்போது மேற்கு எது என்று பார்த்துச் சன்னலை நகர்த்தச் சொல்லலாம். சுவர் தொடங்கும்போது கொத்தனார் கையில் அந்தப் பலகைத் துண்டைக் கொடுத்து முதல் நான்கு வரிக்கு நிற்கலாம். சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டிய அன்று ஓடுகளை எங்கே வைப்பது என்று காட்டலாம். இதற்கு அவருக்கு வேண்டியது காஸ்ட்ஃபோர்டு போன்ற ஓர் இடத்தில் சில வாரப் பயிற்சியும், ஒரு நாளில் பார்க்கவேண்டிய வீடுகளின் எண்ணிக்கையில் கொஞ்சம் குறைப்பும், சரியான அளவில் செங்கல் அறுக்க ஒத்துக்கொள்ளும் இரண்டு மூன்று காளவாசல்களும். உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர் என்று ஒன்றியங்கள் இருக்கின்றன. ஏதாவது ஓர் ஒன்றியத்தில், அடுத்து ஒதுக்கப்படும் வீடுகளில் பத்தை மட்டும் இப்படிக் கட்டி, பங்குனி சித்திரையில் அவற்றின் உள்வெப்பத்தையும் பக்கத்து வீட்டின் உள்வெப்பத்தையும் அளந்து, கணக்கைக் கிராமசபையில் வைக்கலாம்.